காசு வாங்கிவிட்டால் கல்லோடு எல்லாம் போய்விடுமா?

குமரி மாவட்டத்து மயிலாடிப் பக்கத்திலிருந்து ஒரு கற்சிற்பி ஒன்பது பக்கம் எழுதியிருக்கிறார், கோடு போட்ட நோட்டுத் தாளில். ஊர், பெயர், ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 54 வயது. அப்பா, தாத்தா எல்லோருக்கும் கல்வேலைதான். பிழைப்பு பிள்ளையார், அம்மன், நந்தி என்று கோயில் வேலையில் ஓடுகிறது. கடற்கரையில் தங்கும் விடுதி நடத்தும் ஒருவர் மூன்று வருஷம் முன்பு பட்டறைக்கு வந்து, "சாமி சிலை வேண்டாம், நம்ம ஊரைக் காட்டுற மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்க" என்று கேட்டிருக்கிறார். சிற்பியின் தெருவுக்குத் தினமும் மீன் கொண்டுவரும் ஒரு அம்மா உண்டு. அவரை மனசில் வைத்து, தலையில் கடவத்தோடு, அதாவது ஓலைக் கூடையோடு, நிற்கும் பெண்ணை ஆறடி உயரத்தில் செதுக்கினார். எட்டு மாத வேலை. கடவத்தின் விளிம்பையும் அதைப் பிடித்திருக்கும் கையையும் மட்டும் மினுக்கிவிட்டு, முகத்தை உளி கொத்திய கரடு தெரியப் பொளிந்தபடியே விட்டார். பீடத்தின் பக்கவாட்டில் தன் பெயரையும் வருஷத்தையும் விரலளவு எழுத்தில் கொத்தினார். பேசிய பணம் முழுவதும் வந்துவிட்டது. எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் கிடையாது.

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போனவர், சிலையைப் பார்த்துவிட்டுப் பந்தியில் உட்காராமலே திரும்பி வந்திருக்கிறார். முகத்தில் கிரைண்டர் ஓட்டிக் கண்ணாடி மாதிரி ஆக்கியிருக்கிறார்கள். உதட்டுக்குச் சிவப்பு, சேலைக்குப் பச்சை எனாமல், காதுக்குத் தங்கப் பெயின்ட். பீடத்தைச் சுற்றிப் பளிங்குப் பலகை ஒட்டியதில் பெயர் மறைந்துவிட்டது. கேட்டதற்கு, "முகம் அழகா இல்லேன்னு வர்றவங்க எல்லாம் சொன்னாங்க. காசு குடுத்தாச்சு, என் சிலை" என்று பதில். அப்புறம்தான் இன்னொன்றும் தெரிந்தது. அதிலேயே மோல்டு எடுத்து, ஃபைபரில் இரண்டு பெண்களை வார்த்து, கேரளப் பக்கம் இருக்கும் தங்கள் இன்னொரு விடுதியின் வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள்.

அவருடைய கேள்விகள் இவை. காசு வாங்கிய பிறகு எனக்கு ஏதாவது பாத்தியம் உண்டா? பதிவு எதுவும் செய்யவில்லையே, அப்போது கேஸ் நிற்குமா? "நம்ம முன்னோர் யாரும் பேர் போட்டதில்ல, பேர் கேக்குறது அகம்பாவம்" என்று அண்ணன் சொல்கிறார், சரியா? "மெஷின் மூணு நாள்ல செதுக்கும், நீங்க எட்டு மாசம் எதுக்கு?" என்று மகன் கேட்கிறான், அவனுக்கு என்ன சொல்ல? கடைசிப் பக்கத்தில், வேறு மையில்: "ஒரு ராத்திரி சம்மட்டியோடு போய் நானே உடைத்துவிட்டால் என்ன?"

நடுவில் நாலு பக்கம் அழகைப் பற்றியும், சிலை எதற்கு என்றும் எழுதிவிட்டு, "இது சட்டத்துக்கு வேண்டாத பேச்சு, தாண்டிவிடலாம்" என்று ஓரத்தில் குறித்திருக்கிறார். நான் தாண்டவில்லை.

அண்ணாச்சி, உங்களை அப்படியே கூப்பிடுகிறேன். நாகர்கோவிலில் வக்கீலாக உட்கார்ந்துகொண்டு 'மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு' என்று ஆரம்பித்தால் எனக்கே சிரிப்பு வரும்.

முதலில் அந்தச் சம்மட்டி

கடைசிப் பக்கத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சம்மட்டியைப் பட்டறையிலேயே வைத்துவிடுங்கள். அந்தக் கல் இன்றைக்கு விடுதிக்காரருடைய சொத்து. அடுத்தவர் சொத்தை வேண்டுமென்றே சேதப்படுத்துவது குற்றங்களுக்கான சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 324-ஆம் பிரிவில் குற்றம். சேதத்தின் மதிப்பு ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டுவிட்டால் ஐந்து வருஷம் வரை சிறை உண்டு. ராத்திரி அடுத்தவர் வளாகத்துக்குள் நுழைந்தது தனிக் கணக்கு. செய்தது நீங்களே என்பதால் உடைக்கும் உரிமையும் உங்களுக்கே என்று எந்த நீதிமன்றமும் சொல்லாது. இன்றைக்கு உங்கள் பக்கம் இருக்கும் நியாயம் அத்தனையும் அந்த ஒரு ராத்திரியில் அவர் பக்கம் போய்விடும்.

கல் அவருக்கு, வடிவம் உங்களுக்கு

"காசு குடுத்தாச்சு, என் சிலை" என்று அவர் சொன்னதில் பாதி உண்மை. விற்ற கல்லை அவர் வைத்துக்கொள்ளலாம், வேறொருவருக்கு விற்கலாம், விடுதிக்குப் பின்னால் யாருமே பார்க்காத மூலையில் தள்ளிவைக்கலாம். பார்வைக்கு வைக்கவில்லை என்பதற்காகச் சிற்பி வழக்குப் போட முடியாது என்று சட்டமே சொல்லியிருக்கிறது.

ஆனால் கல்லில் நீங்கள் கொண்டுவந்த வடிவம் கல்லோடு விற்பனை ஆகவில்லை. காப்பிரைட் என்று எல்லோரும் சொல்லும் பதிப்புரிமை, 1957-ஆம் வருஷத்துச் சட்டப்படி, பொதுவாகப் படைத்தவருக்கே முதலில் சேர்கிறது. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம், வரையச் சொன்ன ஓவியம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமை காசு கொடுத்தவருக்குப் போகும். அந்தப் பட்டியலில் சிற்பம் இல்லை. இந்த விஷயத்தில் சிற்பிக்கு ஓவியரைவிட யோகம் அதிகம். நீங்கள் விடுதியில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்திருந்தால் கதை வேறு. அரசு சொல்லிச் செய்த வேலை என்றாலும் வேறு. நீங்கள் செய்தது உங்கள் பட்டறையில், உங்கள் உளியால், உங்கள் இஷ்டத்துக்கு. ஆகவே உரிமை உங்களிடம். உங்கள் ஆயுள் முழுவதும் இருக்கும், அதற்கு மேலும் 60 வருஷம் பிள்ளைகளுக்கு நீளும்.

எதில் உரிமை என்பதையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். கடவம் சுமக்கும் பெண் எல்லோருக்கும் பொது. நாளைக்கே பக்கத்துப் பட்டறைக்காரர் ஒரு மீன்கார அம்மாவைச் செதுக்கினால் நீங்கள் வாய் திறக்க முடியாது. குமரிக் கடலில் 133 அடிக்கு நிற்கும் வள்ளுவரைப் பாருங்கள். வள்ளுவரை யாரும் செதுக்கலாம். இடுப்பை லேசாக ஒசித்து நிறுத்தியது கணபதி ஸ்தபதி எடுத்த முடிவு, குறளைப் புரட்டிப் பார்த்தால் அது கிடைக்காது. அதேபோல, உங்கள் பெண்ணின் கழுத்தில் பாரத்துக்குப் புடைத்த இரண்டு நரம்பும், வலது காலில் பாரத்தைத் தாங்கி இடது குதிகாலை ஒரு விரல்கடை தூக்கிய நிலையும், மினுக்காமல் விட்ட முகமும் உங்களுடைய முடிவுகள். ஃபைபர் பொம்மைகள் களவாண்டது இதைத்தான். உங்கள் வழக்கில் மிகப் பலமான பகுதியும் இதுவே. சிலையிலிருந்தே மோல்டு எடுத்திருக்கிறார்கள், தற்செயலாக ஒத்துப்போனது என்று யாரும் சொல்ல முடியாது.

சில தப்பெண்ணங்களையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். பதிவு கட்டாயம் இல்லை. செதுக்கி முடித்தபோதே உரிமை வந்துவிட்டது. பதிவுச் சான்று கையில் இருந்தால் நிரூபிப்பது சுலபம், கலைப்படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய்தான், இப்போதுகூடச் செய்யலாம். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாதது உங்களுக்கு நல்லதாகத்தான் முடிந்திருக்கிறது. பதிப்புரிமையை எழுதிக் கொடுத்தால்தான் கைமாறும், நீங்கள் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. விடுதிக்கு வருகிறவர்கள் சிலையோடு நின்று போட்டோ எடுப்பதையும் குற்றப் பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். பொதுமக்கள் வந்துபோகும் இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிற்பத்தைப் படம் பிடிக்க யாருடைய அனுமதியும் வேண்டாம். மயிலாடிக் கற்சிற்பத்தின் புவிசார் குறியீடு காப்பாற்றாதா என்றும் கேட்டிருந்தீர்கள். அது ஊர்ப் பெயருக்கு உள்ள காவல். வேறெங்கோ செதுக்கியதை மயிலாடிச் சிற்பம் என்று சொல்லி விற்றால் அது தடுக்கும். உங்கள் மீன்கார அம்மாவை நகலெடுப்பதைத் தடுக்காது.

அழகைப் பற்றிய அந்த நாலு பக்கம்

வாசகர்களுக்காக உங்கள் வரிகளில் சிலதை அப்படியே தருகிறேன்.

"கருங்கல்லை மினுக்கினால் கறுத்துப்போகும். வெயில் பட்டுத் தெறித்துவிடும், உள்ளே தங்காது. பொளிந்து விட்டால் சாம்பல் நிறத்தில் நிற்கும். காலையில் ஒரு முகம், உச்சிக்கு ஒரு முகம், பொழுது சாயும்போது வேறொரு முகம். அந்த அம்மாவின் முகத்தை உப்புக்காற்றும் வெயிலும் பொளிந்து வைத்திருக்கிறது. அது செய்த வேலையை நான் கலைக்கவில்லை, அவ்வளவுதான். கடவத்தின் விளிம்பை மட்டும் மினுக்கினேன். நாப்பது வருஷம் கை பட்டுப் பட்டு ஓலை அந்த இடத்தில் வழுவழுத்திருக்கும்."

"சாமிக்கு முகம் வைக்கும்போது தாளக்கணக்கு என் கையைப் பிடித்துக்கொள்ளும். உத்தம தசதாளம் என்றால் 124 அங்குலம் (இஞ்ச் அல்ல, சிலையின் உயரத்தைப் பங்கிடும் சிற்ப அளவு), நெற்றிக்கு இவ்வளவு, மூக்குக்கு இவ்வளவு. தப்பினால் கணக்கு காட்டிக்கொடுக்கும். இந்த அம்மாவுக்குக் கணக்கு இல்லை. அதனால்தான் ராத்திரி தூக்கம் வரவில்லை."

"கோயில் சிலை கும்பிட, அம்மி அரைக்க. இது எதுக்கு என்று வீட்டுக்காரி கேட்டாள். பதில் தெரியவில்லை. முடிந்த அன்றைக்கு அந்த அம்மா வந்து பார்த்துவிட்டு, கடவத்தை இறக்காமலே கொஞ்ச நேரம் நின்றாள். அதுக்குத்தான் போல."

இதைத்தான் வேண்டாத பேச்சு என்றீர்கள். உங்கள் காகிதக் கட்டில் இதைவிட நல்ல சாட்சியம் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

விடுதிக்காரர் என்ன சொல்வார்? "முகம் அழகாக இல்லை, நாங்கள் அழகாக்கினோம்" என்பார். நீங்களும் பதிலுக்கு "என்னுடையதுதான் அழகு" என்று நின்றால் அது பட்டிமன்றம் ஆகிவிடும், தீர்ப்பு வராது. நல்லவேளையாகச் சட்டம் அந்தக் கேள்விக்குள்ளேயே போகவில்லை. சிற்பத்தையும் ஓவியத்தையும் வரையறுக்கும் இடத்தில், 'கலைத்தரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்' என்று தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். எது அழகு என்று நீதிபதி சொல்ல வேண்டியதில்லை. எனக்கு இது சட்டத்தின் அடக்கமாகத் தோன்றும். வேறு இடங்களில் அதற்கு இவ்வளவு அடக்கம் கிடையாது.

சட்டம் கேட்பது வேறு. பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு படைத்தவருக்கு இரண்டு தனி உரிமைகளைக் கொடுக்கிறது. பதிப்புரிமையையே விற்றாலும் இவை போகாது. ஒன்று, இது நான் செய்தது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை. இன்னொன்று, படைப்பைச் சிதைத்தோ திரித்தோ மாற்றியோ, அதனால் படைத்தவரின் மானத்துக்கும் பெயருக்கும் பங்கம் வந்தால், தடுக்கவும் நஷ்டஈடு கேட்கவும் உள்ள உரிமை. வெறுமனே 'எனக்குப் பிடிக்கவில்லை' என்பது போதாது. மாற்றியது எதை, அந்த மாற்றம் வேலையின் உயிரான இடத்தைத் தொட்டதா என்று காட்ட வேண்டும்.

முகத்தைப் பொளிந்தபடி விட்டது நேரம் போதாமலோ, கூலி பற்றாமலோ அல்ல, யோசித்து எடுத்த முடிவு என்பதை உங்கள் நாலு பக்கம் காட்டுகிறது. வழுவழுப்பு கையிலும் கடவத்திலும் மட்டும், கரடு முகத்தில். கிரைண்டர் ஓட்டியவர் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். ஒரு வாக்கியத்தில் 'இல்லை' என்ற சொல்லை மட்டும் அழித்தால் எப்படி இருக்குமோ அப்படி. இதைக் கூண்டில் நின்று நீங்கள் தாளில் எழுதிய அதே எளிமையோடு சொன்னால் போதும், அலங்காரம் வேண்டாம்.

இன்னொரு சாட்சியும் உங்களிடம் இருக்கிறது. பெயின்ட் அடித்த சிலையைப் பார்த்துவிட்டு அந்த மீன்கார அம்மா, "ஏம் மக்கா, என் மூஞ்சியில என்னத்துக்கு வெள்ளையடிச்சிருக்காவ?" என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். சிரிப்பு வந்தாலும், பார்க்கிறவர் கண்ணுக்கு வேலை எப்படித் திரிந்துபோனது என்பதற்கு இது நல்ல சாட்சியம். கூடவே, உங்களோடு மனஸ்தாபம் இல்லாத இரண்டு மூத்த சிற்பிகள் பார்த்துக் கருத்துச் சொன்னால் இன்னும் பலம்.

சிலை எதற்கு என்ற கேள்விக்கு வக்கீல் பதில் சொல்லக்கூடாதுதான். ஆனாலும் சிதறால் மலைக்கு நீங்கள் போயிருப்பீர்கள். பாறையில் மகாவீரரையும் பார்சுவநாதரையும் செதுக்கியவர்கள் சமணர்களுக்காகச் செதுக்கினார்கள். பிற்காலத்தில் அதே இடம் பகவதி கோயிலாயிற்று. இன்றைக்குத் தொல்லியல் துறைக் காவலில் இருக்கிறது, சுற்றுலாக்காரர்கள் ஏறி வருகிறார்கள். செதுக்கியவர் நினைத்த காரியம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது, கல்லில் உளி பட்ட இடம் மாறவில்லை. உங்கள் சிலையை விடுதிக்காரர் விளம்பரத்துக்கு வைத்தார் என்பதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்த வாசலில் நிற்பது வேறு யாரோ ஒரு பெண்ணாகிவிட்டாள் என்பதில்தான் வருத்தம்.

பெயர் கேட்பது அகம்பாவமா?

அண்ணன் சொல்வதில் ஒரு பாதியை ஒத்துக்கொள்கிறேன். சுசீந்திரம் அலங்கார மண்டபத்தில் தட்டினால் சுரம் பேசும் தூண்களைச் செய்தவர் யார் என்று நமக்குத் தெரியாது. மூல விக்கிரகத்தில் சிற்பி பெயர் கொத்தக்கூடாது என்பதில் ஒரு மரியாதை இருக்கிறது, நீங்களும் அதை மீறியதில்லை.

ஆனால் 'முன்னோர் யாரும்' என்பது தவறு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சனைப் பெயரோடு சொல்கிறது. கர்நாடகத்தில் பேலூரில் தாசோஜனும், சோமநாதபுரத்தில் மல்லிதம்மனும் தங்கள் சிலைகளுக்கு அடியிலேயே பெயர் வெட்டியிருக்கிறார்கள். நம் ஆட்கள் பெயர் போடவே இல்லை என்று நாம் சொல்லிக்கொள்வதில் பாதி, நாம் தேடிப் படிக்காததால் வந்தது. ஆகவே பெயரை மூடியதைக் கேட்பதில் அகம்பாவம் இல்லை, உரிமை இருக்கிறது.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். உங்கள் கடிதத்தின் ஐந்தாம் பக்கத்தில், "கடவத்தின் ஓலை முடைச்சல் முழுவதும் என் அக்கா மகன் கொத்தியது. மூணு மாசம் உட்கார்ந்தான். அந்த நுணுக்கம் என் கைக்கு வராது" என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். பீடத்தில் எத்தனை பெயர் இருந்தது? ஒன்றுதான். அவர் உங்கள் பட்டறையில் சம்பளத்துக்கு வேலை செய்பவர் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை பதிப்புரிமை உங்களுக்குத்தான். ஆனால் நான் மேலே சொன்ன 57-ஆம் பிரிவு உரிமை முதலாளிக்கு உள்ளது இல்லை, படைத்தவனுக்கு உள்ளது. விடுதிக்காரரிடம் நீங்கள் கேட்கப்போகும் கேள்வியை உங்கள் மருமகன் உங்களிடம் கேட்கலாம். எதிர்க்கட்சி வக்கீல் கெட்டிக்காரர் என்றால் அவரையே தேடிப் போவார். வழக்குக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை.

என்ன செய்யலாம்

கையில் இருப்பதை முதலில் பத்திரப்படுத்துங்கள். களிமண்ணில் செய்த மாதிரி உருவம் பரணில் இருக்கிறது என்றீர்கள், அதைப் படம் எடுத்து வையுங்கள், உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேலை நடந்தபோது எடுத்த போட்டோக்கள், விடுதிக்காரரோடு நடந்த வாட்ஸ்ஆப் பேச்சு, பணம் வந்த வங்கிக் கணக்கு விவரம், எல்லாம் வேண்டும். பழைய போனை மகனிடம் கொடுத்து 'எக்ஸ்சேஞ்ச்' போட்டுவிடாதீர்கள். எத்தனையோ நல்ல வழக்குகள் செல்போன் கடையில் செத்திருக்கின்றன. சிலையின் இன்றைய நிலையையும், அந்த இரண்டு ஃபைபர் உருவங்களையும் தேதியோடு படம் எடுக்க வேண்டும். வாடகைக் கார் பிடித்தாவது ஒருமுறை போய் வாருங்கள், சண்டை போடாமல்.

அடுத்தது வக்கீல் நோட்டீஸ். அதில் என்ன கேட்பது என்று நிதானமாக முடிவு செய்ய வேண்டும். பெயரை மூடிய பலகையை எடுக்கச் சொல்லலாம். எனாமலை அகற்றச் சொல்லலாம், அதையும் உங்கள் மேற்பார்வையில் செய்ய வேண்டும் என்று சேர்த்து, இல்லாவிட்டால் ஆசிட் ஊற்றிவிடுவார்கள். ஃபைபர் உருவங்களையும் மோல்டையும் ஒப்படைக்கச் சொல்லலாம், அல்லது அவை நிற்கட்டும் என்று உரிமத் தொகை கேட்கலாம். முகம்தான் சிக்கல். போன கல் வராது. திரும்பப் பொளிந்தால் மூக்கும் கன்னமும் இன்னும் எவ்வளவு குறையும், அந்த முகம் அதைத் தாங்குமா என்பது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை, உங்களுக்குத்தான் தெரியும். தாங்காது என்று நினைத்தால், பெயரைத் திரும்பப் போடச் சொல்லாதீர்கள். 'இந்த நிலையில் இது என் வேலை இல்லை' என்று ஒதுங்கிக்கொள்வதையும் சமரசத்தில் பேசி வாங்கலாம்.

கல்லையே திரும்பக் கொடு என்று கேட்கலாமா என்கிறீர்கள். கேட்கலாம், கிடைப்பது அபூர்வம். டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-இல் கழற்றிக் கிடங்கில் போட்டார்கள். அவர் 1992-இல் வழக்குத் தொடுத்தார். 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் மிச்சமிருந்ததை அவரிடமே கொடுக்கச் சொல்லி, ஐந்து லட்சம் ரூபாய் நஷ்டஈடும் விதித்தது. சிற்பிகளுக்குப் பெரிய வெற்றி, ஆனால் பதின்மூன்று வருஷம். அதே நீதிமன்றம் 2019-இல், பிரகதி மைதானத்தில் தான் வடிவமைத்த ஹால் ஆஃப் நேஷன்ஸை இடித்ததை எதிர்த்து வந்த கட்டடக் கலைஞர் ராஜ் ரேவாலின் வழக்கைத் தள்ளிவிட்டது. ஆகவே முழுதாக அழிப்பதைத் தடுக்கும் விஷயத்தில் சட்டம் இன்னும் ஒரு பக்கமாக நிற்கவில்லை. திரிப்பதிலும் நகலெடுப்பதிலும் உங்கள் கால் ஊன்றி நிற்கிறது, அங்கேயே நில்லுங்கள்.

நோட்டீஸுக்கு மசியவில்லை என்றால் வழக்கு. ஃபைபர் உருவம் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். பதிப்புரிமை வழக்கை நீங்கள் குடியிருக்கும், தொழில் செய்யும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம். மீறல் நடந்து மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும், அதற்காக இரண்டே முக்கால் வருஷம் காத்திருக்காதீர்கள். போலீஸில் கொடுக்கலாமா என்றால், நகலெடுப்பது குற்ற வழக்காகவும் ஆகும், ஆறு மாதத்திலிருந்து மூன்று வருஷம் வரை தண்டனையும் உண்டு. ஆனால் அதை முதல் அடியாக வைக்க நான் சொல்ல மாட்டேன். உங்களுக்கு வேண்டியது பெயரும் முகமும். ஸ்டேஷனில் ஆரம்பித்தால் பேச்சுவார்த்தைக் கதவு சாத்திக்கொள்ளும்.

செலவைப் பற்றி: நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வருமான வரம்புக்குள் வந்தால் இலவசமாக வக்கீல் தருவார்கள், வழக்குக்கு முன்பே இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசவும் வழி உண்டு. என்னிடம் வாருங்கள் என்று நான் எழுதக்கூடாது. வக்கீல் தொழில் விதி அதற்கு இடம் கொடுக்காது, எழுதவும் மாட்டேன்.

மகன் கேட்டதற்கு

மெஷின் மூன்று நாளில் செதுக்கும் என்பது உண்மைதான், அவனோடு அதில் சண்டை போடாதீர்கள். பிள்ளையாரும் நந்தியும் வரிசையாகக் கேட்கிறவர்களுக்கு மெஷின் அடிவேலை செய்து, கடைசிப் பூச்சுக் கையில் முடிவதில் என்ன தப்பு? முகத்தை எங்கே நிறுத்துவது என்று அது சொல்லாது, அதை அவன் உங்களிடம்தான் கேட்க வேண்டியிருக்கும். மீன்கார அம்மாவைச் சின்னப் பொம்மையாக வார்த்துக் கன்னியாகுமரிக் கடைகளுக்குக் கொடுக்கலாம் என்று அவன் சொல்வதும் நல்ல யோசனையே. ஒரு எச்சரிக்கை மட்டும். ஐம்பது பிரதிகளுக்கு மேல் தொழில்முறையில் வார்த்தால், பதிப்புரிமைச் சட்டத்திலிருந்து வடிவமைப்புச் சட்டத்துக்குப் போய்விடும் சிக்கல் ஒன்று இருக்கிறது. முதல் அச்சு எடுக்கும் முன்பே அது தெரிந்த வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சட்டத்துக்கு வெளியே ஒரு விஷயம். ராத்திரி இருமல் விடவில்லை என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. ஆனால் கருங்கல் தூசியில் சிலிக்கா உண்டு. அது நுரையீரலில் படிந்து வரும் சிலிக்கோசிஸ் வந்தபின் முழுதாகக் குணமாவதில்லை, காசநோய்க்கும் வழி விடும். இந்த வாரமே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போய், கல்வேலை செய்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லி எக்ஸ்ரே எடுங்கள். அதைச் சொல்லாவிட்டால் வெறும் இருமல் மருந்தோடு திரும்பி வருவீர்கள். கிரைண்டர் ஓட்டும்போது மூக்கில் துண்டு கட்டுவது போதாது, தண்ணீர் விட்டு அறுங்கள், நல்ல மாஸ்க் வாங்குங்கள். மருமகனுக்கும் சேர்த்து.

கடைசியாக, அதே சிலையை இன்னொரு கல்லில் நான் செய்தால் அவர் என் மேல் கேஸ் போடுவாரா என்று கேட்டிருந்தீர்கள். வடிவம் உங்களுடையது, தாராளமாகச் செய்யலாம். 'இந்த மாதிரி இது ஒன்றுதான்' என்று வாய்வார்த்தை ஏதாவது கொடுத்திருந்தால் மட்டும் உங்கள் வக்கீலிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கொடுக்கவில்லை என்றால் கல் தேட ஆரம்பிக்கலாம். கல் வந்து இறங்குவதற்குள் மருமகனோடு உட்கார்ந்து, முடைச்சல் யார் கை, முகம் யார் கை, பீடத்தில் எந்தப் பெயர் எங்கே வரும் என்று பேசி, ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். உங்களிடம் கோடு போட்ட நோட்டு நிறைய இருக்கும் போலிருக்கிறது.